தோட்டத்தில் நாசம் செய்யும் இளநாயைப் பழக்கும் முறை

பயிர் பற்றி எழுத வேண்டிய உழவியல் ஆசிரியர் நாயைப் பற்றி எழுதுவது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துள்ள உழவர்களிடம் பக்கக் குழாய் சேதமாவது எதனால் என்று கேட்டால், எலி, அணில் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பலர் கூறுவது தம் சொந்தத் தோட்டத்து நாயைத்தான். மிளகாய் நாற்றங்காலைக் கிளறிப் படுப்பது, வரப்பைத் தோண்டுவது, கோழிக் குஞ்சைக் கவ்வுவது, செருப்பையும் தார்ப்பாயையும் கிழிப்பது என்று இப்பட்டியல் நீளும். காவலுக்கென்று வாங்கிய நாயே களவுக்கு மேலான சேதத்தைச் செய்கிறது என்பது உழவரின் குறை. அடித்தும் பார்த்தோம், கட்டியும் பார்த்தோம், திருந்தவில்லை என்பது அடுத்த குறை.

இத்தகைய நாய்களில் மிகப் பெரும்பாலானவை கெட்ட நாய்கள் அல்ல. வேலை இல்லாத இளநாய்கள். உடலுக்கு ஓட்டமும், மூளைக்கு வேலையும், எது தன்னுடையது எது தன்னுடையதன்று என்ற பாடமும் கிடைத்தால் இந்தச் சேதம் பெருமளவு நின்றுவிடும். செலவு அதிகமில்லை. நாள்தோறும் சிறிது நேரமும், வீட்டில் உள்ள அனைவரின் ஒத்துழைப்புமே தேவை.

வயதை முதலில் கணக்கிடுக

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. ஏறத்தாழ 4ஆம் மாதத்தில் இவை விழத் தொடங்கி, 7ஆம் மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் முளைத்துவிடும். இந்த மூன்று மாதமும் ஈறு தினவெடுப்பதால் குட்டி எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். இது இயற்கை. இதை நிறுத்த முடியாது. கடிக்கும் பொருளை மாற்றத்தான் முடியும்.

6 மாதம் முதல் ஒன்றரை வயது வரை விடலைப் பருவம். பல் முளைத்து முடிந்த பிறகும் நாசம் தொடர்வது இப்பருவத்தில்தான். கால் நீண்டு, வலிமை கூடி, அறிவு மட்டும் குட்டியாகவே இருக்கும் காலம் இது. முன்பு கூப்பிட்டால் வந்த நாய் இப்போது திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ஆகவே 4 மாதக் குட்டியும் 14 மாத நாயும் ஒரே குழாயைக் கடித்தாலும் காரணம் வேறு. முன்னதற்குக் கடிக்க ஏற்ற பொருள் தேவை. பின்னதற்கு ஓட்டமும் வேலையும் தேவை.

பழக்கத் தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பசியுள்ள நாயைப் பழக்க முடியாது. வீட்டில் மிஞ்சிய சோற்றை மட்டும் உண்டு வளரும் இளநாய்க்குப் புரதம் போதாது. அது முட்டையைத் தேடும், எருக்குழியைக் கிளறும். 6 மாதம் வரை நாளொன்றுக்கு மூன்று வேளையும், அதன் பின் இரண்டு வேளையும் உணவு தருக. சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன் வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய மீன், கோழிக் கழிவு இறைச்சியை வேகவைத்தது ஆகியவற்றுள் ஒன்றாவது சேர வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்பை ஊற்றுதல் கூடாது. இவை நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை.

மண், சாணம் ஆகியவற்றைத் தின்னும் குட்டிக்குக் குடற்புழு இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழு நீக்க மருந்து கொடுத்தால் இப்பழக்கம் தானே குறைவதும் உண்டு.

இராஜபாளையம் இன நாய் வைத்திருப்போர் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். வெண்ணிறமான இந்த இனத்தில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று கையைத் தட்டுங்கள். பல முறை தட்டியும் காதை அசைக்கவில்லை என்றால், அது அடங்காப் பிடாரி அன்று, காது கேளாதது. அதற்குக் கை சைகையாலேயே எல்லாவற்றையும் கற்றுத் தரலாம், நன்றாகவே கற்கும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இதுவரை ஒழுங்காக இருந்த நாய் ஓரிரு நாளில் திடீரென்று மாறி, குச்சி, கல், மண், கட்டை என்று கண்டதைக் கடித்தால், குரைப்பொலி மாறினால், வாயில் எச்சில் வடிந்தால், விழுங்கத் தடுமாறினால், அது பழக்க வேண்டிய நாய் அன்று. வெறிநோயாக இருக்கலாம். அருகே செல்லாமல், குழந்தைகளை விலக்கி, உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். வாய்க்குள் எலும்பு சிக்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தல் அறவே கூடாது. குட்டிக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், மருத்துவர் கூறும் நாளில் அடுத்த ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் போடுவது நாய் வளர்ப்போரின் கடமை. பழக்கும்போது குட்டியின் பல் பட்டுத் தோல் கிழிந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்க. குட்டிதானே என்று விட்டுவிடுவது ஆபத்து.

ஓட்டமும் வேலையும்

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கரிசல் காட்டில் வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். வேட்டை போய்விட்டது, வேட்டைக்கு ஏற்ற காலும் கண்ணும் நாயிடம் அப்படியே இருக்கின்றன. அந்த நாயை மோட்டார் அறையின் ஓரத்தில் நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைத்து, மாலையில் அவிழ்த்துவிட்டால் அது கோழியைத் துரத்துவதில் வியப்பில்லை. நாட்டு நாய்க்கும் இது பொருந்தும், அளவில்தான் வேறுபாடு.

3, 4 மாதக் குட்டிக்குக் காலை 15 நிமிடமும் மாலை 15 நிமிடமும் நடை போதும். மீதி நேரத்தில் பெரும்பகுதி அது உறங்க வேண்டும். உறக்கம் கெட்ட குட்டி அதிகம் கடிக்கும். 6 மாதத்திற்கு மேல் காலையும் மாலையும் அரை மணி முதல் முக்கால் மணி வரை தேவைப்படும். ஒரு வயதுக்கு மேற்பட்ட வேட்டை இன நாய்க்கு இதற்கும் மேல் வேண்டும். அறுவடை முடிந்த வேலியிட்ட வயலில் அவிழ்த்துவிட்டு ஓடச் செய்வது அதற்கு மிகவும் நல்லது.

இதற்கெனத் தனி நேரம் ஒதுக்க உழவருக்கு இயலாது என்பது உண்மையே. ஆகவே இருக்கும் வேலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் மடை பார்க்கப் போகும்போதும், பால் சொசைட்டிக்குப் போகும்போதும், மாலையில் மாட்டை ஓட்டி வரும்போதும் நாயைக் கயிற்றில் பிடித்து உடன் அழைத்துச் செல்லலாம். நாள்தோறும் வரப்பைச் சுற்றி ஒரே வழியில் நடத்திச் சென்றால் அதுவே பின்னாளில் காவல் சுற்றாக அமையும். வழியில் மோப்பம் பிடிக்க நின்றால் இழுக்காதீர்கள். நமக்கு அது வீண் நேரம். நாய்க்கு அதுவே வேலை. கால் மணி நேரம் நன்கு மோப்பம் பிடித்த நாய் நெடுந்தூரம் நடந்த நாயைப் போலக் களைத்துப் படுக்கும்.

இருசக்கர வண்டியின் பின்னால் கட்டி ஓட்டுவது இப்போது பல ஊர்களில் காணப்படுகிறது. இது தவறான முறை. ஒரு வயதுக்குள் எலும்பு முனைகள் முற்றுவதில்லை. பெரிய இனங்களில் ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதற்குள் கடினமான சாலையில் நெடுந்தூரம் ஓடவைத்தால் மூட்டு கெடும். வெயில் நேரத்திலும், வயிறு நிறைய உண்ட உடனேயும் ஓடவிடக் கூடாது. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாத சூட்டில் நாயும் நடக்கக் கூடாது.

ஓட்டம் மட்டும் போதும் என்று எண்ணுவதும் சரியன்று. நாள்தோறும் ஓடப் பழகிய நாய் மேன்மேலும் ஓடும் வலிமை பெறுமே தவிர, கோழியை விட்டுவிடக் கற்காது. அதற்குப் பாடம் வேண்டும்.

பழக்கும் முறை

மூன்று சொற்கள் போதும்: ‘வா’, ‘இரு’, ‘விடு’. வீட்டில் அனைவரும் இவற்றையே பயன்படுத்த வேண்டும். ஒருவர் ‘விடு’ என்றும், ஒருவர் ‘சீ போ’ என்றும், ஒருவர் ‘ஏய்’ என்றும் சொன்னால் நாய் எதையும் கற்பதில்லை. குழந்தைகள் விளையாட்டாக ‘சூ’ காட்டிக் கோழியையும் அணிலையும் துரத்தவிடுவதை முதலில் நிறுத்துங்கள். இன்று சிரித்துக்கொண்டே கற்றுக் கொடுத்ததற்குத்தான் நாளை நாய் அடி வாங்குகிறது.

கூலிக்குப் பொட்டுக்கடலை அளவிலான தின்பண்டம் வேண்டும். வேகவைத்த ஈரல் துண்டு, உப்பைக் கழுவிய கருவாட்டுத் துண்டு ஆகியவை நல்லவை. ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை, உணவுக்கு முன்பாகப் பழக்குக. நாய் சொன்னதைச் செய்த ஓரிரு நொடிக்குள் கூலி அதன் வாய்க்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் எதற்குக் கூலி என்பது அதற்குத் தெரியாது.

‘வா’ என்று அழைத்து ஒருபோதும் அடிக்கவோ திட்டவோ கூடாது. ஒரு முறை அப்படிச் செய்தாலே அடுத்த பத்து முறை அது வரத் தயங்கும். பிடித்துக் கட்டுவதற்காக மட்டும் அழைப்பதும் அதே போன்றதுதான். இடையிடையே அழைத்து, கூலி கொடுத்து, மீண்டும் விளையாட விட்டுவிடுங்கள்.

‘விடு’ என்பது உழவருக்கு மிகவும் பயன்படும் சொல். நாய் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினால் பின்னால் துரத்தாதீர்கள்; அது அதற்கு விளையாட்டு, நீங்கள் துரத்த வேண்டும் என்பதற்காகவே நாளையும் கவ்வும். பழக்கும் வேளையில் முதலில் ஒரு கயிற்று முடிச்சைக் கவ்வக் கொடுங்கள். மூக்கின் அருகே கருவாட்டுத் துண்டை நீட்டி, வாயைத் திறந்ததும் ‘விடு’ என்று சொல்லிக் கூலி கொடுங்கள். பின்னர் கயிற்றையே திருப்பிக் கொடுங்கள். விட்டால் இழப்பில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். நாலைந்து நாளில் சொல் முந்தும், கூலி பிந்தும். அதன் பின் செருப்பு, துணி, குழாய்த் துண்டு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பழக்கலாம்.

கடிப்பதற்கென்று அதற்குச் சொந்தமாகச் சில பொருள்கள் வேண்டும். தடித்த பருத்திக் கயிற்றில் பெரிய முடிச்சுப் போட்டுக் கொடுக்கலாம். சப்பி எறிந்த பனங்கொட்டையும் பொருத்தமானது. நார் பிய்ந்து விழுங்கும் நிலைக்கு வந்துவிட்டால் எடுத்துவிட வேண்டும், குடலில் அடைக்கும். வேகவைத்த எலும்பும் கோழி எலும்பும் கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், கொடுக்கக் கூடாது. பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடிக்காதே என்பதில் பொருளில்லை. நாய்க்கு இரண்டும் ஒரே தோல்தான்.

கோழியோடும் ஆட்டோடும் பழக்குதல்

2, 3 மாதக் குட்டியாக இருக்கும்போதே கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் அருகில் நம் பார்வையில் வளர்ந்த நாய்க்கு அவை புதுமையாகத் தோன்றா. அப்பருவம் தவறிய நாய்க்குப் பின்வரும் முறை உதவும். 15 முதல் 20 அடி நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டி, கோழி மேயுமிடத்திலிருந்து தொலைவில் நில்லுங்கள். எவ்வளவு தொலைவு என்றால், நாய் கோழியைப் பார்க்க வேண்டும், ஆனால் நீங்கள் அழைத்தால் திரும்பவும் வேண்டும். முறைத்துப் பார்த்து உடல் விறைத்துவிட்டால் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். அது கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் அந்த நொடியில் கூலி கொடுங்கள். இந்த ஒரு நொடிதான் பாடம் முழுவதும். நாளுக்கு ஓரிரு அடி வீதம் நெருங்குங்கள். ஒரு நாள் பாய்ந்துவிட்டால் மறுநாள் பழைய தொலைவுக்கே போய்விட வேண்டும்.

இதற்கு வாரங்கள் பிடிக்கும். ஒரு மாதம் ஒழுங்காக இருந்தது என்று நம்பிக் கோழிகளோடு தனியே விட்டுச் செல்லுதல் கூடாது. ஒரு கோழியைக் கொன்று தின்ற சுவை இந்த மாதப் பாடம் முழுவதையும் அழித்துவிடும். ஒன்றரை வயது வரை ஆள் இல்லாத நேரத்தில் கோழியாவது நாயாவது அடைப்பில் இருக்கட்டும். கொன்ற கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. நாற்றத்தைத் தவிர அதனால் விளைவது ஒன்றுமில்லை.

தடியும் சங்கிலியும்

மாலையில் வீடு திரும்பிக் கிழிந்த பாயைக் கண்டு நாயை அடிக்கிறோம். காலையில் கிழித்ததற்கு மாலையில் அடி என்று நாய் அறியாது. நீங்கள் வந்தால் அடி என்று மட்டும் அறியும். ‘தவறு செய்தது அதற்கே தெரிகிறது, பாருங்கள் காதை மடக்கித் தலையைக் குனிகிறது’ என்பார்கள். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 14 நாய்களை இது குறித்துச் சோதித்தார். உரிமையாளர் திட்டும்போது, தவறு செய்யாத நாயும் அதே குற்ற முகத்தைக் காட்டியது. அந்த முகம் நம் கோபத்திற்கு மறுமொழியே தவிர, அதன் குற்ற உணர்வன்று. ஆகவே நேரில் கண்டால் ‘விடு’ என்று நிறுத்துக. காணாவிட்டால் பேசாமல் பெருக்கித் தள்ளுக.

கட்டிவைக்க வேண்டிய நேரங்கள் இருக்கத்தான் செய்யும். நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில், இரண்டு கம்பங்களுக்கிடையே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் கயிற்றைக் கோத்துக் கட்டினால் நாய் நடமாட முடியும். கயிறு சுற்றிக்கொள்ளும்படி அருகில் எதுவும் இருக்கக் கூடாது. குட்டையான சங்கிலியில் நாள் முழுவதும் கட்டப்படும் நாய் காவல் நாயாவதில்லை, கடிநாயாகிறது.

தோட்டத்தில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

சொட்டுக் குழாயை நாய் கடிப்பது கோடையில் அதிகம். தண்ணீர் வாசனைக்கும், சொட்டும் ஈரத்திற்குமே அது வாயை வைக்கிறது. வயலின் இரு முனைகளிலும் கவிழாத கல்தொட்டியில் நல்ல தண்ணீர் வையுங்கள். எலிக்கும் அணிலுக்கும்கூட இது பொருந்தும். பருவம் முடிந்ததும் சுருட்டிய குழாய்களைத் தரையில் குவிக்காமல் உயரத்தில் தொங்கவிடுங்கள். கடிபட்ட இடத்தை வெட்டி இணைப்பான் போட்ட பின் குழாயின் கடைமுனையைத் திறந்து மண் வெளியேற நீரை ஓடவிட மறக்க வேண்டாம்.

நாற்றங்காலைத் தோண்டுவது பெரும்பாலும் குளிர்ச்சிக்காக. புங்க மரத்தடியில் நாலடி நீளக் குழி எடுத்து ஆற்று மணல் நிரப்பி, நண்பகலில் ஒரு குடம் நீர் தெளித்துவிடுங்கள். ஓரிரு நாள் அதில் தின்பண்டத்தைப் புதைத்துக் காட்டினால் நாய் அதையே தன் இடமாகக் கொள்ளும். பாத்தியின்மேல் நாற்று எழும்வரை முள் பரப்பி வைப்பது பழைய முறையேயானாலும் நல்ல முறை. வரப்பைத் தோண்டும் நாயை மட்டும் கோபிக்காமல் உள்ளே பாருங்கள். எலி வளை இருக்கும்.

ஆமணக்குப் புண்ணாக்கு இடும் உழவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எண்ணெய் எடுத்த பிறகும் ஆமணக்கின் ரிசின் என்னும் நச்சு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எலும்புத் தூளோடு கலந்து இட்டால் அந்த வாசனைக்கு நாய் பாத்தியைத் தோண்டித் தின்னும். சில மணி நேரத்தில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு இறந்துபோவதும் உண்டு. இதற்கு மாற்று மருந்து இல்லை. மூட்டையை உயரத்தில் வைத்து, இட்டவுடன் மண்ணால் மூடி நீர் பாய்ச்சி, பல நாட்களுக்கு அந்த வயலில் நாயை அவிழ்த்து விடாதிருக்க வேண்டும். எலி விஷம், நத்தைக் கொல்லி வைத்த வயலுக்கும் இதுவே முறை. தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல், பொருளின் பையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைக.

எவ்வளவு காலம்?

முறையாகச் செய்தால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். முழுப் பக்குவம் ஒன்றரை, இரண்டு வயதில்தான். இடையில் 8, 9ஆம் மாதங்களில் கற்றதையெல்லாம் மறந்தது போல நடக்கும்; அப்போதுதான் பலரும் பொறுமையிழந்து நாயைப் பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ விட்டுவிடுகின்றனர். 2024, 2025ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளக்கோவில், சென்னிமலை வட்டாரங்களில் நாய்க் கூட்டங்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், இழப்பீடு கேட்டு உழவர்கள் போராடியதையும் வாசகர்கள் அறிவர். விடப்படும் ஒவ்வொரு இளநாயும், துரத்தத் தெரிந்து, உணவின்றி, கூட்டத்தில் போய்ச் சேருகிறது.

உண்மையிலேயே வைத்துக்கொள்ள இயலாதவர்கள் தடுப்பூசியும் கருத்தடையும் செய்து, வேலியும் வேலையும் உள்ள வேறு தோட்டத்திற்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது நாயின் வயதையும், அது எதைக் கடிக்கும் என்பதையும், ‘வா, இரு, விடு’ என்று எந்தச் சொல்லுக்குப் பழகியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லி, அது கடிக்கும் கயிற்றையும் உடன் கொடுத்தனுப்புங்கள்.